எந்த ரூம், எந்த டெம்பரேச்சர்? லாகர் கையேடுகளை அரியலூரிலிருந்து படித்தல்

நொதித்தல் பற்றிய என் குறிப்புகளில் இதுவரை இட்லி மாவு, நீராகாரம், மோர் மிளகாய் என்று அடுப்படிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். இந்த முறை கொஞ்சம் வெளியே போகலாம். கடந்த சில மாதங்களாக, வீட்டிலேயே லாகர் பீர் காய்ச்சுவது எப்படி என்று சொல்லும் புத்தகங்களையும் கட்டுரைகளையும் வரிசையாகப் படித்தேன். காய்ச்சுவதற்காக அல்ல. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சினால் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அது பெரம்பலூரானாலும் சரி, போயஸ் தோட்டமானாலும் சரி. நான் படித்தது வேறு காரணத்துக்காக. நொதித்தலில் வெப்பநிலையைப் பற்றி இவ்வளவு விலாவாரியாகப் பேசும் இலக்கியம் வேறு இல்லை. இட்லி மாவுக்குக் கிராமுக்குக் கிராம் அளவு சொல்கிறவர்கள்கூட வெப்பநிலை என்று வந்தால் "இரவு முழுக்க வைக்கவும்" என்று முடித்துவிடுகிறார்கள். லாகர்காரர்கள் அப்படி இல்லை. டிகிரி டிகிரியாகப் பேசுகிறார்கள்.

பேசுகிறார்கள், ஆனால் அவர்கள் ஊரில் நின்றுகொண்டு பேசுகிறார்கள். என் விமர்சனம் அதைப் பற்றித்தான். அந்தக் கையேடுகளில் இருக்கும் எண்கள் தப்பில்லை. எந்த எண்ணுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதில்தான் கோளாறு. அவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் குளிரைப் பற்றி ஒரு வரியும், காசு செலவழித்துப் பெறவேண்டிய குளிரைப் பற்றிப் பத்துப் பக்கமும் எழுதுகிறார்கள். நமக்கு எந்தக் குளிரும் இலவசம் இல்லை. அதனால் அந்த விகிதத்தை அப்படியே நம்பிப் படித்தால், செலவழிக்க வேண்டிய இடத்தில் கஞ்சத்தனம் பண்ணி, தேவையில்லாத இடத்தில் வாரி இறைப்போம்.

முதலில் லாகர் என்றால் என்ன என்று சுருக்கமாக. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்தால் பீர். சாதாரண ஏல் வகைக்குப் பயன்படும் ஈஸ்ட்டும் நம் ரொட்டி ஈஸ்ட்டும் ஒரே இனம். லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். ஒரு பக்கம் அதே ரொட்டி ஈஸ்ட். மறுபக்கப் பெற்றோர் யாரென்று ரொம்ப நாள் தெரியாமல் இருந்து, 2011-ல்தான் அர்ஜென்டினாவின் படகோனியாக் காடுகளில் ஒரு காட்டு ஈஸ்ட்டாக அடையாளம் கண்டார்கள். குளிர் தாங்கும் குணம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மற்ற ஈஸ்ட்டுகள் சோர்ந்து உட்கார்ந்துவிடும் 8, 10 டிகிரியில் இது மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும்.

இந்த ஈஸ்ட்டை யாரும் திட்டம் போட்டு உருவாக்கவில்லை. பவேரியாவில் 1553-ல் ஐந்தாம் ஆல்பிரெக்ட் என்ற கோமகன், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை யாரும் பீர் காய்ச்சக் கூடாது என்று ஆணை போட்டார். வெயில் காலத்தில் காய்ச்சினால் கெட்டுப்போகிறது என்பதுதான் காரணம். அப்புறம் என்ன, எல்லாரும் குளிர்காலத்தில் காய்ச்சினார்கள், கோடையில் குடிப்பதற்கு மலைக்குகையிலும் நிலவறையிலும் பனிக்கட்டி அடுக்கி வைத்தார்கள். குளிர் தாங்கும் ஈஸ்ட் மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேறிவந்தது. லாகர் என்ற சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் கிடங்கு, சேமித்து வைத்தல் என்றுதான் பொருள். 1842-ல் பில்சன் நகரில் யோசப் குரோல் முதல் பொன்னிற லாகரைக் காய்ச்சினார். அதே 1842-ல்தான் நம் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள், இன்றைய விவேகானந்தர் இல்லம். அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் வந்து அங்கே இறங்கியது. அங்கே ஏரியே உறைகிறது, அடியில் வைத்து பீரை முதிரவிடுகிறார்கள். இங்கே அந்த ஏரியை வெட்டிக் கப்பலேற்றிக் கொண்டுவந்து வெள்ளைக்காரர் கிளாஸில் போடுகிறோம்.

இங்கே பீர் காய்ச்ச விரும்பிய வெள்ளைக்காரர்கள் மலைக்கு ஓடினார்கள். வடக்கே கசௌலி, தெற்கே நீலகிரி. ஊட்டியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 14, 15 டிகிரி. சமவெளியில் காய்ச்சுவது சாத்தியமானது குளிரூட்டும் எந்திரம் வந்தபிறகுதான். அந்த எந்திரத்தை 1870-களில் கார்ல் ஃபான் லிண்டே வடிவமைத்ததே முதலில் பீர் ஆலைகளுக்காகத்தான். நம் வீட்டு ஃப்ரிட்ஜின் பாட்டனார் ஒரு லாகர் ஆலையில் பிறந்தவர்.

இனி கையேடுகளுக்கு வருவோம். அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு இருந்த தடை நீங்கும் சட்டத்தில் 1978-ல் கார்ட்டர் கையெழுத்திட்டார். 1984-ல் சார்லி பபாசியனின் புத்தகம் வந்தது. அதன் தொனி 'அலட்டிக்கொள்ளாதே, நிதானமாக இரு' என்பது. அந்தத் தொனிக்கு ஒரு தேவை இருந்தது. பயந்துகொண்டிருந்த ஒரு தலைமுறையை அடுப்படிக்குள் இழுத்துவந்தது. அடுத்து ஜான் பாமரின் 'ஹவ் டு ப்ரூ', முதலில் இணையத்தில் இலவசமாக வந்து, பிறகு அச்சுப் புத்தகமாக வளர்ந்தது. பாமர் பொறியாளர். ஏன் என்று கேட்டால் பதில் சொல்லும் எழுத்து. லாகருக்குத் தனி அத்தியாயமே உண்டு. இந்த வகையில் ஒரே ஒரு புத்தகம் படிக்க வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் இந்த இரண்டு பேருமே, இவர்களைப் பின்பற்றி எழுதிய நூற்றுக்கணக்கானவர்களும், ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். அந்த வீட்டுக்குக் கீழே ஒரு நிலவறை இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே 10, 12 டிகிரி. 'உங்கள் வீட்டில் குளிர்ச்சியான ஓர் இடத்தில் வையுங்கள்' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட முடிகிறது.

ஜெயங்கொண்டம் பக்கத்துத் தம்பி ஒருத்தர் சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கே வீட்டுத் தேவைக்குக் குறிப்பிட்ட அளவுக்குள் பீர் காய்ச்சிக்கொள்ள அனுமதி உண்டு. இந்தப் படிப்பையே எனக்கு மூட்டிவிட்டவர் அவர்தான். ஒருநாள் போனில் கேட்டார்: "அண்ணே, ரூம் டெம்பரேச்சர்ல வைக்கச் சொல்லிப் போட்டிருக்கான். எந்த ரூம்ணே? யாரு ரூம்?" கேள்வி சரியான கேள்வி. பதில் 20 டிகிரி. தம்பி இருக்கும் அடுக்குமாடி வீட்டில் ராத்திரி 2 மணிக்கும் 29 டிகிரி.

'நிலவறை வெப்பநிலை' என்ற சொல்லைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம், சொல்லப்போனால் மண்ணையே தோண்டிப் பார்க்கலாம். தரைக்கு அடியில் சில மீட்டர் போனால் கோடையும் குளிரும் எட்டாது. அங்கே வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி வருடம் முழுவதும் அப்படியே நிற்கும். மியூனிக்கின் ஆண்டுச் சராசரி சுமார் 9 டிகிரி. அதனால் அங்கே நிலவறை என்றாலே லாகர். நம் திருச்சி, பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் ஆண்டுச் சராசரி 28, 29. நீங்கள் இங்கே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் கிடைப்பது 28, 29. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். மார்கழி விடியற்காலையில் கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றினால் வெதுவெதுவென்று இருக்கும், ஆவி பறக்கும். கிணறு சூடாகவில்லை, வெளியே 20 டிகிரிக்கு இறங்கிவிட்டது, கிணறு எப்போதும்போல 28-லேயே இருக்கிறது. அதே தண்ணீர் சித்திரையில் ஜில்லென்று இருப்பதும் அதே 28-தான். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் நிலவறைக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் அடித்துவிடலாம்.

இன்னொரு பழக்கமான அறிவுரை: டிரம்மைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, ஈரத்துணி சுற்றி, ஃபேன் போட்டுவிடுங்கள். நம் மண்பானைத் தத்துவம்தான். அரிசோனா மாதிரி வறண்ட ஊரில் இது பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் ஆவியாகிக் குளிர்வதற்குக் காற்றின் ஈரம் ஒரு எல்லை போட்டுவிடும். அரியலூரில் மே மாத மதியம் 38, 39 டிகிரி அடிக்கும்போது மண்பானைத் தண்ணீர் 25, 26 வரை இறங்கலாம். தாகத்துக்கு அது தேவாமிர்தம். லாகர் ஈஸ்ட்டுக்கு அது காய்ச்சல்.

சரி, 26 டிகிரியில் நொதித்தால் என்னதான் ஆகிவிடும்? பீர் ஆகும். போதையும் ஏறும். லாகர் மட்டும் ஆகாது. ஈஸ்ட் முதல் இரண்டு மூன்று நாளில்தான் பெருகிக் குடும்பம் கட்டுகிறது. அந்தச் சமயத்தில் சூடு அதிகமானால் அவசர அவசரமாக வளர்ந்து, பழவாசனை தரும் எஸ்டர்களையும், ஃபியூசல் எனப்படும் கனமான ஆல்கஹால்களையும் வெளியே தள்ளும். வாழைப்பழ வாசனை, வார்னிஷ் காரம், மறுநாள் தலைவலி என்று ஜனங்கள் புகார் சொல்வது பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான். இவை ஒருமுறை வந்துவிட்டால் போகாது. பிறகு இரண்டு மாதம் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் போகாது.

கையேடுகளின் விகிதக் கோளாறு பளிச்சென்று தெரிவது இங்கேதான். லாகர் அத்தியாயங்களில் படமும் பக்கமும் கிடைப்பது கடைசிக் கட்டத்துக்கு: உறைநிலைக்குச் சற்று மேலே, 0 முதல் 2 டிகிரியில், நாலு முதல் எட்டு வாரம் முதிரவிடும் கட்டம். அதற்கு ஒரு புனிதத்தன்மையே ஏற்றிவிட்டார்கள். அந்தக் கட்டம் செய்வது என்ன? ஈஸ்ட்டும் புரதமும் அடியில் படிந்து பீர் தெளிகிறது, கந்தக நெடி அடங்குகிறது, பச்சை ஆப்பிள் வாசனை கொஞ்சம் குறைகிறது. நல்ல வேலைகள்தான். ஆனால் இவையெல்லாம் மெருகு. சுவரே கோணலாக இருந்தால் சுண்ணாம்பு அடித்து நேராக்க முடியாது. அவர்கள் இதை விரித்து எழுதியது ஏன் என்றால், அவர்கள் நிலவறையில் முதல் வாரத்துக் குளிர் தானாகக் கிடைக்கிறது. கடைசி வாரத்துக் குளிருக்குத்தான் ஃப்ரிட்ஜ் வேண்டும். நாம் படிக்கும்போது முதல் 72 மணி நேரத்தைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். கையில் இருக்கும் குளிர் முழுவதையும் அங்கே செலவழித்துவிட்டு, மிச்சம் இருந்தால் முதிர்ச்சி.

அந்த 72 மணி நேரத்துக்கும் ஒரு தயாரிப்பு வேண்டும். பல எளிய குறிப்புகள் 'சாறு வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஈஸ்ட்டைப் போடு, நொதிக்க ஆரம்பித்ததும் குளிர்ந்த இடத்துக்கு மாற்று' என்கின்றன. ஈஸ்ட் குறைவாக இருந்தாலும் சீக்கிரம் கிளம்பிவிடும் என்பது அதன் நோக்கம். 20 டிகிரி வீட்டில் இது பிழைத்துப்போகும். 30 டிகிரி வீட்டில் போட்டுவிட்டு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளினால், சாறு குளிர்வதற்குள் ஈஸ்ட் தன் சேட்டையை முடித்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 லிட்டர் சாற்றை 30-லிருந்து 10-க்கு இறக்க சுமார் 1,700 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அது பல மணி நேர வேலை. ஆகவே சாற்றை முதலில் இறக்கு, 8, 9 டிகிரி வந்தபிறகு ஈஸ்ட்டைப் போடு, ஏலுக்குப் போடுவதைப்போல் இரண்டு பங்கு போடு. இந்த வரிசைமுறையைச் சொல்லும் கையேடுகளும் உண்டு, ஆனால் தேர்ந்தவர்களுக்கான யோசனையாகச் சொல்கிறார்கள். நம் வெயிலில் இது ஆரம்பப் பாடம்.

இதே கணக்கில் இன்னொன்று. நொதித்தல் தானே வெப்பத்தை உண்டாக்கும். அந்த 20 லிட்டரில் புளிக்கும் சர்க்கரை முழுவதும் வெளியிடும் வெப்பம் சுமார் 950 கிலோஜூல். எதுவும் வெளியே போகாமல் உள்ளேயே தங்கினால் பீர் 11 டிகிரி சூடாகும். 10 டிகிரியில் நொதித்தால் இது ஒரு வாரம் பத்து நாளில் பரவலாக வரும், ஃப்ரிட்ஜுக்குச் சுமையே இல்லை. 28 டிகிரியில் விட்டால் ஒன்றரை நாளில் மொத்தமாக வந்து, ஏற்கெனவே சூடான டிரம்மை மேலும் ஏற்றிவிடும். அறையில் தொங்கும் வெப்பமானி 28 காட்டும், டிரம்முக்குள் 32 இருக்கும். கையேடுகளில் '12 டிகிரியில் வைக்கவும்' என்று வரும் இடத்தில் எல்லாம் அது அறையா, திரவமா என்று எழுதியவரைப் பிடித்து உலுக்கத் தோன்றுகிறது. ஃப்ரிட்ஜுக்கு வெளியே மாட்டும் மலிவான கன்ட்ரோலரின் உணர்முனையை ஃப்ரிட்ஜுக்குள் காற்றில் தொங்கவிட்டால் கம்ப்ரஸர் நொடிக்கு ஒருதரம் துடிக்கும், பீரின் சூடு யாருக்கும் தெரியாது. டிரம்மின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே தெர்மோகோல் துண்டு ஒன்றை வைத்துக் கட்டினால் பிரச்சினை தீர்ந்தது. கரன்ட் போனால்? மூடியைத் திறக்காமல் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிக்குள்தான் ஏறும். இருபது லிட்டர் தண்ணீர் லேசில் சூடாகாது.

சரியான வெப்பநிலை என்று ஒரே எண்ணைத் தேடுவதே தப்பு என்பதற்கு நல்ல உதாரணம் டைஅசெட்டில். வெண்ணெய் வாசனை தரும் பொருள். வெண்ணெயில் இருக்கலாம், லாகரில் இருந்தால் குற்றம். இது ஈஸ்ட்டுக்குள் உருவாவதில்லை. ஈஸ்ட் தன் வளர்ச்சிக்கான வேலைக்கிடையில் ஒரு மூலப்பொருளை வெளியே கசியவிடுகிறது. அது பீரில் மெதுவாக டைஅசெட்டிலாக மாறுகிறது. பிறகு ஈஸ்ட்டே அதை உள்ளே இழுத்து வாசனையில்லாத ஒன்றாக மாற்றிவிடுகிறது. மாறுவதும் இழுப்பதும் குளிரில் ஆமை வேகம். அதனால்தான் சர்க்கரையில் முக்கால்வாசி தீர்ந்த கட்டத்தில் 16, 18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் வைக்கச் சொல்கிறார்கள். எஸ்டர் உருவாகும் காலம் அதற்குள் முடிந்திருக்கும், இப்போது சூடு எதிரி இல்லை, கூலியாள். பாமர் இதை நன்றாகவே விளக்குகிறார். சேர்க்க வேண்டியது ஒன்றுதான்: நமக்கு இந்தக் கட்டம் ஓசியில் கிடைக்கும். ஃப்ரிட்ஜை அணைத்தால் போதும். ஆனால் 18-ல் நிற்காது, ஒரு நாளில் 27-க்குப் போய்விடும். ஆகவே கன்ட்ரோலரை 18-க்கு வைக்க வேண்டுமே தவிர அணைக்கக் கூடாது.

இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டு நேரே குளிர்வித்தால் பீர் அன்றைக்குச் சுத்தமாகவே இருக்கும். மூலப்பொருள் வாசனையில்லாமல் உள்ளே பதுங்கியிருக்கும். பாட்டில் வெயிலைப் பார்த்தவுடன் வெண்ணெயாக எழுந்து வரும். குளிர்நாட்டில் அந்தப் பாட்டில் குளிரிலேயே குடிக்கப்பட்டுவிடுவதால் தப்பித்துக்கொள்கிறவர்கள் உண்டு. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது: இரண்டு டம்ளர் எடுத்து ஒன்றை மூடி 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, இரண்டையும் முகர்ந்து பார்ப்பது. சூடுகண்ட டம்ளரில் மட்டும் வெண்ணெய் வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். மூக்கை நம்பும் இந்த மாதிரிப் பரிசோதனை எந்தத் தட்டவெப்பத்துக்கும் பொருந்தும். எல்லாக் கையேட்டிலும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது, பல கையேடுகளில் கிடையவே கிடையாது.

அண்மை வருடங்களில் எதிர்த் திசையில் ஒரு அலை அடிக்கிறது: லாகருக்குக் குளிரே தேவையில்லை என்பது. ப்ரூலோசஃபி என்ற அமெரிக்கக் குழு ஒரே சாற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் குளிரிலும் மற்றதைச் சூட்டிலும் நொதிக்கவிட்டு, ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. மூன்று டம்ளர் தருவார்கள், இரண்டில் ஒரே பீர், எது வேறு என்று சொல்ல வேண்டும். பலமுறை, கண்டுபிடித்தவர்கள் எண்ணிக்கை போதவில்லை. உடனே 'சூட்டிலும் காய்ச்சலாம்' என்று ஊரெல்லாம் பரவிவிட்டது.

அந்தக் குழுவின் உழைப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. தங்கள் முடிவுகளைப் பற்றி அவர்கள் அடக்கமாகத்தான் பேசுகிறார்கள். பரப்புகிறவர்கள்தான் அடக்கமில்லாதவர்கள். கணக்கைப் பாருங்கள். 20 பேருக்குக் கொடுத்தால் குருட்டாம்போக்கில் 6, 7 பேர் சரியாகச் சொல்வார்கள். வித்தியாசம் இருக்கிறது என்று புள்ளியியல்படி ஒப்புக்கொள்ள 11 பேர் வேண்டும். பத்தில் மூன்று பேருக்கு வித்தியாசம் உண்மையிலேயே தெரிகிறது என்று வைத்துக்கொண்டாலும், இவ்வளவு சிறிய கூட்டத்தில் ஏறக்குறைய பாதித் தடவை அது கண்ணில் படாமலே போய்விடும். 'கண்டுபிடிக்க முடியவில்லை' வேறு, 'வித்தியாசம் இல்லை' வேறு. இதைவிட முக்கியம், அவர்கள் சூடு என்று சொல்வது பெரும்பாலும் 18, 20 டிகிரி. பெரம்பலூரில் அது வருடத்தின் மிகக் குளிர்ந்த விடியற்காலை. அவர்களின் சூட்டுக்கே நமக்கு ஏசி வேண்டும். அழுத்தம் கூட்டிய கலனில் நொதித்தால் எஸ்டர் குறையும் என்பதும் உண்மை, ஆலைகளே செய்கின்றன. அதுவும் இதே 18, 20-க்கான வித்தைதான்.

நம் வெப்பத்துக்கு ஏற்ற ஈஸ்ட் உலகத்தில் இல்லாமல் இல்லை. வேடிக்கை என்னவென்றால் அது நார்வேயில் இருந்தது. க்வைக் என்று பெயர். அங்கே பண்ணைவீடுகளில் பரம்பரையாக வைத்திருந்த ஈஸ்ட். லார்ஸ் மாரியஸ் கர்ஷோல் என்ற மென்பொருள் பொறியாளர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, தன் வலைப்பூவில் எழுதி, 2020-ல் புத்தகமாகவும் போட்டார். வோஸ் பகுதியில் சாறு 39 டிகிரியில் இருக்கும்போதே ஈஸ்ட்டைப் போடுகிறார்கள், இரண்டு நாளில் வேலை முடிகிறது, நெடி இல்லை. 39 டிகிரி! அக்னி நட்சத்திரத்தில் நம் திண்ணை. அவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள் என்றாலும், சாறு ஆறும்வரை காத்திருக்காத பழக்கம் அப்படி ஒரு ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இப்போது லுட்ரா என்ற பெயரில் இதில் ஒரு சுத்தமான வகையை எடுத்து, லாகர் மாதிரி பீருக்கென்றே ஒமேகா ஈஸ்ட் என்ற நிறுவனம் விற்கிறது. சிங்கப்பூர்த் தம்பிக்கு நான் கடைசியில் சொன்னதும் இதுதான்: ஃப்ரிட்ஜ் வாங்கக் காசு சேரும்வரை க்வைக்கில் காய்ச்சுங்க, ஆனா அதை லாகர்னு சொல்லாதீங்க.

நம் ஊரில் புளிப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாமல் இருந்தார்களா? நன்றாகவே தெரிந்திருந்தது, கருவிகள்தான் வேறு. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் பனை இருக்கும் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் பதநீர். தடவாமல் கட்டினால் கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தலையெடுக்க முடியாது. கள்ளுக்கும் கணக்கு உண்டு: விடியலில் இறக்கியது இனிப்பு, உச்சிக்குக் கடுப்பு, சாயங்காலம் காடி. குளிரை வைத்து நிறுத்திவைக்க வழியில்லாததால் நேரத்தை வைத்துப் பிடித்தார்கள். பாலுக்கு உறை அளவு, மாவுக்கு உப்பு, கள்ளுக்கு வேளை. 1987-ல் கள் இறக்கத் தடை வந்தபிறகு அந்தக் கணக்கு தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நொதித்தல் பற்றி எழுதும் தமிழ்க் குறிப்புகள் இந்த அறிவை விட்டுவிட்டு, அமெரிக்க டிகிரியை மட்டும் மொழிபெயர்த்தால் அது அரைகுறைப் படிப்பு.

ஒரு விஷயத்தை இங்கே பிரித்துச் சொல்லியாக வேண்டும். 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குக் காரணம் கலக்கப்பட்ட மெத்தனால். பார்லிச் சாற்றைத் தப்பான வெப்பநிலையில் நொதித்தால் மெத்தனால் வராது. வாழைப்பழ வாசனை வரும், அவ்வளவுதான். வெப்பநிலைத் தவறு ருசியைக் கெடுக்கும், ஆளைக் கொல்லாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் காணொளிகள் நிறைய வருவதால் சொல்கிறேன்.

காய்ச்சாதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். டாஸ்மாக் கடையில் விற்கும் பீரில் மிகப் பெரும்பகுதி லாகர்தான். அதை ஆலையில் பத்து டிகிரியில் நொதித்து, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் முதிரவிட்டு, எந்திரம் எந்திரமாகக் குளிரூட்டி எடுக்கிறார்கள். பிறகு லாரியில் ஏற்றி, கிடங்கில் அடுக்கி, கடையின் தகரக் கூரைக்குக் கீழே வாரக்கணக்கில் வைக்கிறார்கள். வெப்பம் பத்து டிகிரி கூடினால் கெடும் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். 38 டிகிரியில் ஒரு மாதம் இருந்த பாட்டிலில் ஈரமான அட்டைப்பெட்டி வாசனை எட்டிப் பார்க்கும். விற்பதற்கு அரை மணி முன்னால் ஃப்ரீசரில் போட்டு எடுப்பதால் அது மறைகிறது, ஏனென்றால் நாக்கு மரத்துப்போகும் குளிரில் எந்த வாசனையும் தெரியாது. "கூலிங் இருக்கா?" என்பதைத் தவிர வாடிக்கையாளர் வேறு எதுவும் கேட்பதில்லை. லேபிளில் தயாரித்த தேதியாவது இருக்கிறது. அதைப் பார்த்து, புதிய பாட்டிலாகக் கேட்டு வாங்குகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வெப்பநிலை போக இன்னொரு பாக்கி இருக்கிறது: தண்ணீர். பில்சனின் தண்ணீர் ஏறக்குறைய மழைநீர் மாதிரி மென்மையானது. அரியலூர் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் சிமென்ட் ஆலைகள், அதனால்தான் வயலில் கிளிஞ்சல் படிமங்கள், அதனால்தான் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு. அந்தத் தண்ணீரில் வெளுத்த லாகர் ஏன் ஒத்துவராது, கருத்த பீர் ஏன் ஒத்துவரும், பெரம்பலூரில் கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளத்தை அமெரிக்க லாகர்காரர்கள் ஏன் சாற்றில் சேர்க்கிறார்கள் என்பதை அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.